மாமி வீட்டு மொட்டை மாடியில் சனி

1976 பிப்ரவரி 5, வியாழன்

காலையில் பனி, மத்தியானம் மண்டையைப் பிளக்கிற வெயில், சாயங்காலம் கழுவிவிட்ட மாதிரி வானம். ஆபீசில் ஒரு கட்டு டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து பிதுங்கி இறங்கி, நேரே மாடிக்கு. காபிகூட அப்புறம்தான்.

தெருவிளக்கு இன்றும் எரியவில்லை. எதிர்வீட்டில் புகார் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். ரிப்பேருக்கு ஒருத்தரும் வராமல் இருக்க வேண்டும், இருட்டினால்தான் எனக்கு வானம் தெரியும்.

இருட்டினதும் ஒரு சாட்டிலைட். தென்மேற்கில் கிளம்பிச் செவ்வாய்க்குப் பக்கமாக வந்து, வடகிழக்கே பாதி தூரம் போவதற்குள் அணைந்துவிட்டது. பூமி நிழலுக்குள் போயிருக்கும். ரஷ்யாவா, அமெரிக்காவா, யார் கண்டது. கீழேயிருந்து இவர் குரல், ரசம் பொங்குகிறதாம். இறக்கி வைக்கத் தெரியாதா?

பார்த்தவை:
குரு. மேற்கே. அதன் சந்திரன்களில் மூன்று, நாலாவது எங்கேயோ ஒளிந்திருக்கிறது.
செவ்வாய். சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான்.
சனி. கிழக்கே. வளையம் துல்லியம். ஒவ்வொரு தடவையும் டெலஸ்கோப் குழலுக்குள் யாரோ படம் ஒட்டிவைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம்.

என்னுடையது கண்ணாடி வைத்த தகரக்குழல். அடியில் நான் தேய்த்த குழிக் கண்ணாடி. மேலே ஒரு சின்னக் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் அனுப்பும். குழலின் விலாவில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் போட்டு, நட்சத்திரத்துக்கு நேராக நின்று பார்க்கிற குழல் ஒன்றும் வேண்டும். இவரிடம் கேட்டேன். வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும் என்றார்.

பி. 6, வெள்ளி

நாசம்.

இவர் கோவிலில் வீட்டுக்கார மாமியைப் பார்த்தாராம். பெருமை தாங்காமல், என் பெண்டாட்டி தினமும் சனியைப் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். யாரிடம்? மாமி பிள்ளை மணிக்குக் கடக ராசி, ஏழரைச் சனி நடுவில் நிற்கிறது, திங்கட்கிழமை பம்பாயில் இண்டர்வியூ. மாமி பிள்ளையாரைக் கும்பிடப் போனால்கூட சனி சந்நிதிக்கு நேரே வராமல் ஒதுங்கித்தான் போகிறவள்.

நான் வந்து செருப்பைக் கழற்றவில்லை, மாமி ஆஜர்.

"ஏண்டீ, நித்தியம் குழல் வெச்சு சனி பகவானைப் பாக்கறியாமே? கோவில்லயே அவருக்கு நேரா நிக்கப்படாது, ஒதுங்கி நின்னாக்கும் தொழறது. நீ என் ஆத்து மாடியில நின்னுண்டு நேருக்கு நேர் முழிச்சுப் பாத்தா, அவர் பார்வை இங்க திரும்பாதோ? இனிமே அது மாடி ஏறப்படாது, கேட்டயோ."

கேட்டேன். மாடிச் சாவியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வலியசாலையில் எங்கள் வரிசையில் ஓடு போடாத வீடு இது ஒன்றுதான். கொல்லையிலோ பலாவும் தென்னையும், ஆகாசம் ஒரு கைக்குட்டை அளவு. மாடி இல்லையென்றால் குழலைப் பேப்பர்காரனுக்குப் போட வேண்டியதுதான். சமையல் மேடையில் மாசக்கணக்காக மணலும் பொடியும் போட்டுத் தேய்த்த கண்ணாடி. கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. அழுதேன்.

இவருக்கு ராத்திரி மோர்சாதம், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்டார். அப்போதும் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

பி. 7, சனி

தெளிந்த வானம், வயிற்றெரிச்சல். அரை நாள் ஆபீஸ். தேங்காயெண்ணெய், சீயக்காய், இவர் சட்டைக்குப் பொத்தான்.

சாயங்காலம் கோவில். நவக்கிரகத்தில் மாமி சனிக்கு எள் விளக்கு போட்டுவிட்டு நிற்கிறாள். உடம்பு ஒரு பக்கம், கழுத்து மட்டும் லேசாகத் திரும்பி. பார்த்துக்கொண்டே இருந்தேன். அட, மாடியில் நான் நிற்பதும் இப்படித்தானே!

அங்கேயே சொன்னேன். மாமி, நானும் அவருக்கு நேராக நின்று பார்க்கிறதில்லை, ஒதுங்கி நின்றுதான். மாமி நம்பவில்லை. தானே வந்து பார்த்துவிட்டுத்தான் மறுவார்த்தை என்றாள். இவர் மூச்சுக்காட்டாமல் குழலை மாடிக்குச் சுமந்தார்.

சனி கிழக்கே நல்ல உயரத்தில். ஸ்டூல் போட்டு மாமியை ஏற்றினேன். எந்தத் திசை பார்த்து நிற்கிறேள் என்று மட்டும் கேட்டேன். வடக்கு என்றாள். சனி எங்கே என்றேன். வலது பக்கம் கையைக் காட்டினாள். இறங்கிக் குழலை ஒரு சுற்று சுற்றிவந்து, மறுபடி ஏறி, மறுபடி திசை பார்த்தாள். அப்புறம்தான் கண்ணை வைத்தாள்.

கண்ணைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"இத்தனூண்டு இருக்காரே, பாவம். இடுப்புல ஒட்டியாணம் வேற."

பிள்ளை பேரும் நட்சத்திரமும் சொல்லிக் கைகூப்பினாள். கை குழலில் இடித்துச் சனி காணாமல் போனார். தேடிக் கொடுத்தேன். மறுபடி கைகூப்பினாள். மறுபடி காணோம். கடைசியில் இவர் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாவி திரும்பி வரவில்லை. ஆனால் குழல் மாடியிலேயே இருக்கட்டும் என்றாள். இவருக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட்.

பி. 10, செவ்வாய்

மப்பு. ஒன்றும் தெரியவில்லை. பம்பாயிலிருந்து ட்ரங்க் கால், மணிக்கு இண்டர்வியூ நன்றாக நடந்ததாம். ஆர்டர் வந்தால்தான் நிச்சயம். மாமி தெரு முழுக்க என் குழலைப் பற்றிப் பேசியிருக்கிறாள். எதிர்வீட்டு மாமிகூடச் சிரித்தாள். விளக்குப் புகாரைப் பற்றி நைசாகக் கேட்க வேண்டும்.

பி. 12, வியாழன்

நிர்மலமான வானம். குருவாரம். மஞ்சள் புடவையில் மாமி, கையில் கொண்டைக்கடலை சுண்டல். குருவைக் காட்டு என்றாள். ஆர்டர் வர குரு பார்வை வேண்டுமாம். மேற்கே திருப்பி வைத்தேன். ஸ்டூலில் ஏறினாள், திசை பார்த்தாள், இறங்கிவிட்டாள்.

"இதென்னடீ, இதுலயும் ஒதுங்கி நிக்கணுமா? சனிக்கு இது சரி. குரு பார்வை மேல படணும்னா நேரா நின்னாக்கும் தொழணும்."

லென்ஸ் போட்ட நேர்க்குழல் என்று ஒன்று உண்டு, நம்மிடம் இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக. மாமி இவர் பக்கம் திரும்பினாள்.

"அம்பி, அதையும் இவளுக்குப் பண்ணிக் குடுத்துடு. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

என் கையில் மாடிச் சாவியை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். இவர் வாயில் சுண்டலோடு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நாளை சாலை பஜார் கடைகளில் நேர்க்குழலுக்குக் குழாய் விசாரிக்கப் போகிறார் இவர்.