முதல் தேத்தண்ணி

என் வலக்கை விரல்கள் மறுபடி கறுத்திருக்கின்றன. தண்ணீரில் உப்பை அளக்க விடும் வெள்ளி நைத்திரேற்றின் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது என்பது உனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் கையுறை குறைவு, படிக்கிற பிள்ளைகள் போடட்டும் என்று நாம் இருவரும் வெறுங்கையோடு வேலை செய்த காலத்தில், கலியாண வீட்டுப் பந்தியில் நம் விரல்களைப் பார்த்துச் சனம் முகம் சுளித்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இன்று இந்தக் கறையைக் காட்டிச் சிரிக்க ஆளில்லை.

பட்டப் படிப்பு மாணவரை வைத்து வாவித் தண்ணீரை ஆராயப்போகிறோம் என்றபோது, “இந்தப் பிள்ளையளுக்கு ஆராய்ச்சி என்னத்துக்கு?” என்றார்கள் மற்ற விரிவுரையாளர்கள்.

“பிழை விடப் பழகத்தான்,” என்றாய். அந்த வாய்த்துடுக்கு எனக்கு வராது. பிறகு ஒரு சட்டமும் போட்டாய்: புதன்கிழமைக் கூட்டத்தில் பிழை விட்டவர் அதை வாயால் சொல்லவேண்டும், சொன்னவருக்குத்தான் முதல் தேத்தண்ணி. பிள்ளைகள் தேத்தண்ணிக்காகவே பிழையைத் தேடிப்பிடித்தார்கள்.

நீ கண்மூடிய பிறகு சட்டம் மட்டும் மிஞ்சியது. அது உன்னுடையது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கோ ஆய்வுகூடக் கதவைத் திறக்கவே மனம் வருவதில்லை. இந்த வருச அணியோடு நிறுத்திவிடுவோம் என்றுதான் இருந்தேன்.

போன கிழமை, கல்லடிப் பாலத்தடியில் எடுத்த தண்ணீரில் உப்பு ஒரேயடியாக ஏறிவிட்டது என்று காத்தான்குடிப் பிள்ளை ரிஹானா வந்து நின்றாள். போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்று ஏசி, மறுபடி மறுபடி அளக்கவைத்தேன். நம்பாமல் நானும் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். கறை அப்படி வந்ததுதான். அதே உப்பு.

பின்னேரம் வீட்டுக்குப் போகையில் பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. மழை வெள்ளம் வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருக்கிறார்கள். கடல் உள்ளே வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாரியிலும், “முகத்துவார வாயத் திறந்திட்டாங்க கா, இனி உப்பு ஏறும்” என்று போன் எடுப்பவள் நீதானே. பாலத்திலேயே அழுதுவிட்டேன்.

புதன்கிழமை என் பிழையைச் சொன்னேன். ரிஹானா எழும்பி வந்து முதல் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

“குடிங்க மெடம். அடுத்த வருசம் வாறவங்களுக்கும் இந்தச் சட்டத்தச் சொல்லிக் குடுக்கணும், என்ன?”

“ஓம்,” என்றேன். சொன்ன பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று விளங்கியது.

இனி மாரி பிறந்தால் நான்தான் பாலத்தில் நின்று வாவியைப் பார்க்கவேண்டும். தண்ணீர் இறங்கியிருந்தால் ரிஹானாவுக்குப் போன் எடுக்கவேண்டும், நீ எனக்கு எடுத்ததுபோல.