கூரையில் இல்லாத வாட்டம்

18 நவம்பர் 2001, ஞாயிறு

மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் அப்பா செய்து கொடுத்த சானா அறை ஒழுகுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து வியர்ப்பதற்கான மர அறை அது. இன்று அப்பாவோடு நானும் போனேன். கூரை மேல் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"இன்னா மேஸ்திரி, மேல குளம் வெட்டிக்கீற? மீன் வுடலாமா?" என்று மேனேஜர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நாளைக்கு கெஸ்ட் வராங்க. ஒரு சொட்டு உள்ள வுழுந்தாலும் மத்த ரூம் வேலைக்கு வேற ஆளுதான்" என்றார்.

தண்ணீர் வடிவதற்கான சரிவை அப்பா வாட்டம் என்பார். ஓட்டல்காரர்கள் காட்டிய படத்தில் கூரை தட்டையாக இருந்ததால் அதைக் குறைத்துவிட்டாராம். இன்று பலகைகளைக் கழற்றி, ஒரு பக்கம் கட்டை கொடுத்து உயர்த்தினார். நான் ஏணியில் நின்று குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. மூலையில் மட்டும் உள்ளங்கையளவு நின்றது. அதற்குள் இருட்டிவிட்டது. அப்பா அதைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் அம்மா, "இன்னாய்யா, மொகம் வாட்டமா கீது?" என்றாள்.

"கூரைல இருக்க வேண்டியது இங்க வந்துகீது" என்றார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது மழை வலுக்கிறது. அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இருவருமே அந்த மூலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.