பரோலும் பச்சை மையும்

மார்ச் 3, திங்கள்
அக்கா மகள் சித்ரகலா வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்துவிட்டாள். பனியன் கம்பெனிக்கு எதிர் பேக்கரியில் சசிகுமார் நின்று டீ குடித்தானாம். சங்கிலியைப் பறிக்க இவளை வண்டியோடு இழுத்துத் தள்ளி, கை எலும்பை முறித்து, ஏழு வருடம் தண்டனை வாங்கியவன். “ஜெயிலுக்குள்ளதானுங்க மாமா இருக்கோணும்? எப்படீங்க வெளிய வந்தான்?”
பரோலாம். ஆறு நாள். அவன் தெருவுக்கே தெரியும். இவளுக்கு ஒரு வார்த்தை? கிடையாது. இன்று நான் போட்ட சத்தத்தில் பல்லடத்துக் கோழிகள் ஒரு மாதம் முட்டையிடாது.

மார்ச் 10
அவன் உள்ளே போய்விட்டான். இவள் இன்னும் வெளியே வரவில்லை. யாருக்கப்பா தண்டனை?

மார்ச் 17
காவல் நிலையம், கலெக்டர் ஆபீஸ், சிறை வாசல் — மூவுலகையும் வென்று திரும்பினேன். அதாவது, மூன்று இடத்திலும் ‘அங்க போய்க் கேளுங்க’. கைதிக்கு யோகா உண்டு, தொழிற்பயிற்சி உண்டு. நல்லதுதான், திருந்தட்டும். அடிபட்டவளுக்கு ஒரு போன் போட ஆள் இல்லையா?

மார்ச் 20
நன்னடத்தை அலுவலர் ரோஸ்மேரி அம்மாவைப் பிடித்தேன். பரோலுக்கு முன் ஊரில் விசாரிப்பவர். கைதி வீட்டைக் கேட்பாராம், ஊர்ப் பெரியவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்குவாராம். அடிபட்டவளைக் கேட்கும் வழக்கமில்லையாம்.
“ஆட்சேபனை இல்லேன்னு எழுதிக் குடுத்த மடையன் யாருங்க?” மேசையைத் தட்டினேன். அந்தம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
பச்சை மை. அரசாங்கம் எனக்கொரு பதவி தராத கோபத்தில், எங்கள் வார்டிலேயே அதிகாரி மாதிரி பச்சையில் கையெழுத்துப் போடுகிறவன் நான் ஒருவன்தான். நலச் சங்கத் தலைவர் முத்திரை வேறு. டீக்கடையில் யாரோ நீட்டினார்கள், போட்டேன். பெயரைப் படித்தேனா? — படிக்கலையே. ஐயோ, படிக்கலையே.

மார்ச் 21
சித்ரகலாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, உங்க கையெழுத்தே வேண்டியிருக்காதுங்க மாமா.” பரோலுக்கு முன் அடிபட்டவளையும் கேளுங்கள் என்று, அதையே ரோஸ்மேரி அம்மாவுக்கு மனுவாக எழுதினாள். நான் சேர்த்த பத்து வரி அலங்காரத்தையும் அடித்துவிட்டாள்.

ஜூலை 8
சசிகுமாரின் அம்மாவுக்கு ஆபரேஷன். மறுபடி பரோல் கேட்கிறான். ரோஸ்மேரி அம்மா இம்முறை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வரவேற்புரையைத் தொடங்கினேன். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்று சித்ரகலாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 16
மூன்று நாள் பரோல். கம்பெனித் தெருப் பக்கம் அவன் வரக் கூடாது — நிபந்தனை கேட்டது இவள். தேதியும் நேரமும் நேற்றே இவளுக்குப் போனில் வந்துவிட்டன.
“நானும் கூட வரட்டுமா கண்ணு?”
“வேண்டாங்க மாமா.”
எட்டரை மணி கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனாள். அவன் வெளியே வந்த முதல் நாள் இன்று.