நீராகாரமும் தண்ணீர்தான்

அம்சத்துக்கு,

நீ போனுக்கு வரமாட்டேன் என்கிறாயாம். அதனால் நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கயல்விழி எழுதுகிறாள்.

நீராகாரத்தை நிறுத்தச் சொன்னது நான்தான். நம் மகளைத் திட்டாதே. "டாக்டர் சொன்ன ஒரு லிட்டருக்கு மேல அம்மாவுக்குத் தண்ணி கொடுக்கலப்பா, பாட்டில்ல அளந்துதான் கொடுக்கறேன். ஆனா கால் வீக்கம் ஏறுது, படுத்தா மூச்சு முட்டுது" என்று போனில் அழுதாள். இன்னும் நீர் கோத்தால் உன் இதயம் தாங்காதாம். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். பழைய சோறு என்றாள்.

உடனே எனக்குப் பிடிபட்டது. அவள் வயிற்றில் இருந்தபோது நடவு வயலில் மயங்கி விழுந்தாய். "தண்ணி குடிச்சியாடி?" என்று வள்ளியம்மை அக்கா கேட்டாள். "எங்கக்கா குடிச்சேன்? ரெண்டு செம்பு நீராகாரம் சாப்பிட்டதோட சரி" என்றாய். வயலே சிரித்தது. உனக்கு இன்றைக்கும் அது சோற்றுக் கணக்கு.

"இந்த மனுசன் என் வாய்ச்சோத்தப் பிடுங்கிட்டாரு" என்றாயாமே. சொல்லிக்கொள். நாக்கு வறள்வது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அது தண்ணீர்தான், அம்சம். உப்பு வேறு அள்ளிப் போடுகிறாய். வேண்டுமென்றால் உப்பில்லாமல் அரைச் செம்பு குடி, அந்த அளவைப் பாட்டில் தண்ணீரில் குறைத்துக்கொள்ளச் சொல். கோபத்தில் மாத்திரையை மட்டும் தள்ளாதே.

மகள் வீட்டுக்கு நீடாமங்கலம் போன அன்றைக்குச் செருப்பு காலில் நுழையாமல் வெறுங்காலோடு வண்டி ஏறினாய். அது வாசலில்தான் கிடக்கிறது. கயல்விழி எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தாள். தொடாதே என்று சத்தம் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்