குடலின் மேல் போட்ட பழி

தலைமன்னார்,
14.10.2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

பேர்கன் நகரத்துக் குளிரில் நீயும் மருமகன் றோயும் சுகத்தோடு இருக்க மடு மாதாவை மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. எங்கள் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை இந்த முறை எழுத முடியவில்லை, ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன். நேற்றுத் திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பார்க்கும் பெண் வைத்தியர், சென்ற மாதம் முப்பதாம் திகதி சதைத் துண்டு எடுத்துச் சோதித்த அறிக்கையை எங்கள் இருவருக்கும் முன்னால் வாசித்தார். அம்மாவின் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் இருக்கிறது. அது சந்தேகம் அல்ல, உறுதி. தாளை வாங்கிப் பெயர், வயது ஐம்பத்திரண்டு, கிளினிக் இலக்கம் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தேன், வேறு யாருடையதும் கலந்து வரவில்லை. இதைக் கையால் எழுதித் தாள்களைப் படமெடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் மீதியை விழுங்கிவிடுவேன்.

அம்மாவுக்கு நோய் குடலில் அல்லவா, இது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டேன். பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்து இந்த வருடத்தோடு பதினேழு வருடம். இரத்தம் போவது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை. அம்மாவின் முகம் வெளுத்திருந்தால் நான் கஞ்சிக்கு அரிசி களைவேன், நீ மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து ஒளிப்பாய், அவ்வளவுதான். எது நடந்தாலும் பழியைக் குடலின் மேல் போட்டுப் பழகிவிட்டோம். இங்கே சுகாதாரக் கந்தோரில் பெண்களை முப்பத்தைந்து வயதில் ஒரு தரமும் நாற்பத்தைந்து வயதில் ஒரு தரமும் கூப்பிட்டு, கருப்பைக் கழுத்தில் மெல்லச் சுரண்டி எடுத்துச் சோதிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு முதல் முறை வந்தபோது யுத்தம், யாரும் அதை நினைக்கவில்லை. இரண்டாம் முறை 2018 இல் வந்தது. அது யசிந்தா வேலை கிடைத்து எங்கள் பகுதிக்கே குடும்பநல உத்தியோகத்தராக, மிட்வைஃப்பாக வந்த முதல் வருடம். யசிந்தா, ஞானஸ்நானத் தொட்டியில் அம்மா கைகளில் ஏந்திப் பிடித்த பிள்ளை, நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் வந்து முழந்தாளிட்டு ஞானத்தாயிடம் ஆசீர்வாதம் வாங்காமல் போகாத பிள்ளை. அந்த வருடம் ஒரு நாள் கோப்போடு வந்து கதிரையின் நுனியில் இருந்து, ஞானம்மா, புதன்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ, நான்தான் நிற்பன் என்று கேட்டாள். அவள் நிற்பாள் என்பதுதான் சிக்கல். அம்மா அவளுக்குத் தேத்தண்ணியும் பணியாரமும் கொடுத்து, அவள் போன பிறகு என்னிடம் சொன்னார், அவளை நான் தூக்கினனான், இப்ப நான் படுத்துக் கிடக்க அவள் என்னைப் பார்க்கிறதோ, பிறகு எந்த முகத்தோட அவளுக்கு நெற்றியில சிலுவை போடுறது என்று. நான் சிரித்தேன். யசிந்தாவும் அடுத்த மாதம் ஒரு தரம் கேட்டாள், அதன் பிறகு கேட்கவில்லை. ஞானத்தாயை மூன்றாம் தரம் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாளாம், இப்போது சொல்கிறாள்.

இதில் என் பங்கையும் எழுத வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அது. அந்தப் பரிசோதனையைப் பற்றியே பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதினேன். எங்கள் பகுதியில் அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று கந்தோரில் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து, வராததற்குக் காரணம் கூச்சமே என்று முடித்திருந்தேன். அந்தச் செய்தியை முன் விறாந்தையில் இருந்து எழுதும்போது, வராதவர்களில் ஒருவர்தான் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முப்பத்தொரு வருடம் நிருபராக ஊரெல்லாம் கேள்வி கேட்ட மனிதன் வீட்டில் அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அம்மாவுக்கு இரத்தம் போவது கூடியது. அது வேறு இடத்து இரத்தம் என்று அவருக்கு ஆனியிலேயே தெரிந்திருக்கிறது. குடல்தான், சூட்டுக்குக் கிளம்பியிருக்கு என்று எனக்குச் சொன்னார், நானும் கஞ்சி வைத்தேன். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய்க் கூடாரமடித்து ஐந்து நாள் நின்றோம், யசிந்தாவின் குடும்பமும் பக்கத்தில். மூன்றாம் நாள் அம்மா களைத்துப் படுத்திருக்க, யசிந்தா தன் துணியோடு அம்மாவின் துணிகளையும் தோய்க்க எடுத்துப் போனவள், வாளியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பி வந்தாள். கூடாரத்துக்குள் போய் அவள் சொன்னது எனக்கு வெளியில் கேட்டது. ஞானம்மா, இது குடல் இரத்தமில்லை. இனி நான் உங்கட ஞானப்பிள்ளை இல்லை, இந்தப் பகுதி மிட்வைஃப். எழும்புங்கோ. அம்மா எழும்பினார். அந்தக் கிழமையே எங்கள் பகுதிச் சுகாதார வைத்தியர் பார்த்து யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார்.

வைத்தியர் நேற்று விளக்கியதை நான் குறிப்பெடுத்தேன், குறிப்பில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன். குடல் அழற்சி உள்ள பெண்கள், அதிலும் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து நீண்டகாலம் எடுப்பவர்கள், கருப்பைக் கழுத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே நோயை உண்டாக்கும் வைரஸ் அநேகம் பெண்களுக்கு வந்து, உடம்பே அதைத் துரத்திவிடும். எதிர்ப்பு அடங்கிய உடம்பில் அது தங்கிவிடக் கூடும். எதிர்ப்பை அடக்கும் அந்த மஞ்சள் குளிசையை அம்மா குடலுக்காகப் பதினொரு வருடமாக எடுக்கிறார். குளிசையால்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை, அபாயம் கூடுகிறது, அதனால் சோதனையும் கூட வேண்டும், அப்படிப்பட்டவருக்கு இரண்டு தரம் போதவே போதாது என்றார். அம்மாவுக்கு ஒரு தரம்கூட இல்லை. ஏழு வருடத்துக்கு முன் பார்த்திருந்தால் என்று நான் தொடங்க, அதை இப்போது கேட்காதீர்கள் ஐயா என்று சொல்லிவிட்டார்.

வழக்கம்போல எருக்கலம்பிட்டி முனவ்வரின் வாடகை வானில்தான் போனோம். யாழ்ப்பாணம் போகும் அந்தத் தெருவில் கக்கூசு அவசரத்துக்கு எந்த வீட்டில் படலையைத் திறப்பார்கள் என்று அம்மாவுக்கு மனப்பாடம். போகும்போது முனவ்வர், றோட்டுப் போட்டவனுக்கும் இந்த றோட்டு உங்களளவு தெரியாது அக்கா என்று சொல்ல, அம்மா, ஓம் தம்பி, நான் செத்தால் இலுப்பைக்கடவையில ஒரு கக்கூசுக்கு என்ர பேரை வையுங்கோ என்றார். மூன்று பேரும் சிரித்தோம். திரும்பி வரும்போது இலுப்பைக்கடவையில் முனவ்வர் கேட்காமலே வானை நிறுத்தினார். அம்மா இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, போங்கோ தம்பி என்று மட்டும் சொன்னார்.

இனி உன்னிடம் வருகிறேன். உனக்கும் அதே குடல் நோய், அதே மஞ்சள் குளிசை, ஆறு வருடமாக. கடந்த வைகாசியில் அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது, இந்தச் சோதனைக்கு வரச் சொல்லி உனக்கு அங்கே கடிதம் வந்ததாகச் சொன்னாய். நான் அப்போது பக்கத்தில் மின்விசிறி திருத்திக்கொண்டிருந்தேன். நீ சொன்னது இதுதான். சுவேதினி அக்காதானம்மா எங்கட டொக்டர், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குழுவில எனக்குப் பக்கத்தில நிண்டு பாடுறவ, அவவுக்கு முன்னால எப்பிடிப் படுக்கிறது, பிறகு பார்ப்பம். அம்மா விழுந்து விழுந்து சிரித்து, நீ என்ர பிள்ளைதானடி என்றார். அந்தச் சிரிப்பு நேற்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது, நீ போனதாக எங்களுக்குச் சொல்லவில்லை. போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன், பிழையானால் திருத்து. சுவேதினியிடம் கூச்சமென்றால் வேறு வைத்தியரைக் கேள், முன்பின் தெரியாத வெள்ளைக்காரியாக இருக்கட்டும். குளிசையைப் பயந்து நீயாக நிறுத்தாதே, வைத்தியர் இதை அழுத்திச் சொன்னார், நிறுத்தினால் குடல் எரியும், அதுவும் ஆபத்து. நோய் கண்டு எட்டு வருடமானால் குடலுக்குள்ளும் கமரா விட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டுமாம், உனக்கு வருகிற தையோடு எட்டு. அதையும் அங்கே கேள்.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். வெட்கமாக இருக்கும், சில இடத்தை விட்டுவிடவா என்றும் கேட்டேன். எல்லாத்தையும் எழுதுங்கோ, வாளியையும் எழுதுங்கோ என்றார். கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்குப் போன் எடுக்க வேண்டாமெண்டு எழுதுங்கோ. அந்தச் சோதனைக்குப் போயிட்டு வந்து எடுக்கச் சொல்லுங்கோ.

இன்னும் தெரியாதது இது. நோய் கருப்பைக் கழுத்தோடு நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பதை ஸ்கான்தான் சொல்லும். நிற்கிறதென்றால் சத்திரசிகிச்சை. பரவியிருந்தால் கதிர்வீச்சுப் பிடிக்க வேண்டும், ஏற்கெனவே புண்ணான குடல் அதைத் தாங்குமா என்பதற்கு வைத்தியரிடம் இப்போது பதில் இல்லை. திங்கட்கிழமை தீபாவளி விடுமுறை, ஆகவே செவ்வாய்க்கிழமை 21 ஆம் திகதி ஸ்கான். யசிந்தா லீவு போட்டுக் கூட வருகிறாள். வெள்ளிக்கிழமை 24 ஆம் திகதி காலை முடிவு வரும், வந்த உடனே உள்ளது உள்ளபடி எழுதுவேன்.

மாதாவின் கை உன் மேலும் றோயின் மேலும் இருக்கட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிருக்குள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. சோதனைக்கு வரச் சொன்ன அந்தக் கடிதத்தைத் தேடி எடு. நான் எதிர்பார்த்திருக்கிற முடிவுகள் இரண்டு. ஒன்று 24 ஆம் திகதி வரும். மற்றதற்கு இன்னும் திகதி இல்லை, அதை நீதான் எனக்கு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. அமிர்தநாயகம்.