லாரித் தூசியில் நீ போட்ட கணக்கு

கல்மண்டபத்து அத்தோ கடையில் பர்மா நூடுல்ஸுக்கு வெங்காயம் பொரியும் வாசனை மூக்கில் ஏறினால், எனக்குப் பசிக்கு முன்னால் உன் ஞாபகம்தான் வருகிறது. இன்றைக்கும் அப்படித்தான். காலேஜ் விட்டு வந்து தட்டைக் கையில் வாங்கினேன். பக்கத்தில் ஏதோ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்த பசங்க, "மைனஸ் ரெண்டுடா!" "போடா, ஜீரோடா!" என்று கடையே அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் தட்டோடு போய் நடுவில் உட்கார்ந்திருப்பாய். யாருக்கு என்ன விடை என்று கேட்கவே மாட்டாய். "நீ எப்டி போட்ட?" என்பதுதான் எப்போதும் உன் முதல் கேள்வி.

நாம் எழுதியது கப்பல் படிப்புக்கான தேர்வு. நீ எழுதுகிறாயே என்று நானும் எழுதினேன். உனக்கு அப்படியில்லை. "நம்ம வூட்டு ஆம்பளைங்களே படக வுட்டு கரையேறி ஹார்பர் வேலைக்குப் போய்ட்டாங்கோ. நீ இன்னாத்துக்குடி கடலுக்குப் போற?" என்று உங்கம்மா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் உன் நச்சரிப்பு தாங்காமல், "சீட்டு வந்தா போ. வரலன்னா வாய மூடிகினு பி.காம் சேரு" என்றார். வராது என்ற தைரியத்தில் சொன்னார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நான் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ மூணாவது ஆப்ஷன் என்கிறாய், நான் ரெண்டாவது. அடுத்த கேள்விக்கு நீ ஒண்ணு, நான் நாலு. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நீதான் தலையில் அடித்துக்கொண்டாய். "லூசு, கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஆளு ஆப்ஷன மாத்தி மாத்தி குடுத்துக்கீறான்டி. நம்பர வுடு, விடையச் சொல்லு!" விடையைச் சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒன்றுதான்.

அந்தக் காசுக் கணக்கைத் தவிர. இரண்டு காசுகளைச் சுண்டுகிறார்கள், குறைந்தது ஒன்று தலை என்று தெரியும், இரண்டுமே தலையாக இருக்க நிகழ்தகவு என்ன? பாதி என்றேன் நான். ஒன்று தலையென்று தெரிந்த பிறகு மற்றது தலையோ பூவோ, அவ்வளவுதானே? நீ மூன்றில் ஒன்று என்றாய். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

விளக்கிக் காட்டலாம் என்றால் பேப்பர் இல்லை, பேனாவும் இல்லை. உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹார்பருக்குள் போக வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளில் ஒன்றின் பக்கம் போனாய். தூசி அப்பிக் கிடந்த கன்டெய்னரில் விரலால் நாலு கட்டம் போட்டாய். தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ. "ஒண்ணாவது தலைன்னுட்டான்ல?" என்று கடைசிக் கட்டத்தை உள்ளங்கையால் துடைத்தாய். "மிச்சம் எத்தினி கீது, எண்ணு."

நான் எண்ணுவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. நீ விடவில்லையே! கணக்கைக் காட்டிக்கொண்டே கூட ஓடினாய். "அண்ணே, ஒரு நிமிஷம்ணே!" டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, என் வண்டி இன்னா உங்க இஸ்கூல் போர்டா?" என்றார். லாரி உன் கணக்கோடு ஹார்பர் பக்கம் போய்விட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனாலும் நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு காசை எடுத்துச் சுண்ட ஆரம்பித்தேன். இரண்டும் பூ விழுந்தால் விட்டுவிடுவேன், மற்றதை எல்லாம் குறித்துக்கொள்வேன். சுண்டச் சுண்ட அது மூன்றில் ஒன்றின் பக்கமே போனது. உடனே உனக்குப் போன் போட்டேன். "நான் கணக்கு போட்டேன், நீ காசப் போட்டியா!" என்று கெக்கெக்கே என்று சிரித்தாய். பிறகு திடீரென்று, "ஏய், நல்லா கீதே! நானும் போட்டுப் பாக்கறன்" என்றாய். இப்போது நான் பி.எஸ்சி. கணக்கு படிக்கிறேன். அந்தப் போன்தான் காரணம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரிசல்ட் வந்தபோது நீ இல்லை. அந்த நாட்களை எழுத எனக்கு இன்னும் தெம்பில்லைடி.

உங்கம்மா உன் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்த நம்பரப் போட்டுப் பாரு பாப்பா." வேண்டாம் ஆன்ட்டி என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. போட்டேன். எனக்குக் கிடைக்கவில்லை என்று முன்பே பார்த்திருந்தேன். உனக்குக் கிடைத்திருந்தது.

"சீட்டு வந்துட்ச்சா?"

"வந்துடுச்சு ஆன்ட்டி."

போனை வாங்கி உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தா போன்னு நான்தான சொன்னேன். இப்போ மாட்டேன்னா நாயமா? போச் சொல்லு அவள" என்றார்.

அன்றைக்கு அவர் சொல்லியனுப்பியதை இன்றுவரை என்னிடமே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். உன்னிடம் சேர்க்க வேறு வழி தெரியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். உங்கம்மா சரின்னுட்டாங்கடி. நீ கப்பலுக்குப் போலாம்.