காலைக் காட்சிக்குக் கட்டிய பாடை

மாப்ள,

இன்று காலை ஆனையூர் வீட்டில் பேத்தி கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடார் கரகரவென்று அலற, சவப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் பாட எழுந்தான். உதட்டில் சிவப்புச் சாயம், கண்ணைச் சுற்றி அப்பிய மை. பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நம்முடைய படம். வெளிநாட்டில் இன்றும் ரசிகர்கள் வேடம் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறார்களாம்.

நம் இளவயதில் மதுரையில் அதை ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் போட்டார்கள். செத்த பாடகன் தன் இழவு வீட்டிலேயே எழுந்து, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் சொந்தக்காரர்களைப் பாட்டாலேயே கிழிக்கிற கதை. பாட்டில் ஒரு சொல்லும் நமக்கு விளங்கவில்லை. ஆனால் இழவு வீட்டுக் கூத்து நமக்குத் தெரியாததா? அடுத்த வாரமே ஆபீஸ் கூட்டத்தைத் திரட்டிவிட்டாய். திரைக்குச் சூடம் காட்டுவது உனக்குப் போதவில்லை. பச்சை மூங்கிலில் நிஜப் பாடையே கட்டவைத்து, சங்கு ஊதி உன்னைத் தூக்கிவரச் சொன்னாய். திரைக்குக் கீழே இறக்கிவைப்போம். படத்தில் அவன் எழும்போது நீயும் எழுந்து ஆடுவாய். தியேட்டர் விசிலில் அதிரும்.

பிணமாக வேறு யாரையும் படுக்க விடமாட்டாய். ஒருமுறை நான் படுக்கிறேன் என்றதற்கு, "நான் படுத்துப் பழகணும்ல மாப்ள" என்றாய். விழுந்து விழுந்து சிரித்தேன்.

கடைசி ஞாயிறு, பாட்டு ஆரம்பித்தும் நீ எழவில்லை. கூட்டம் அதற்கும் கைதட்டியது. நான் குனிந்து பார்த்தேன். சாயம் கலைந்த ஓரத்தில் உதடு நீலமாக இருந்தது. உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து, "பயந்துட்டியா?" என்றாய். அன்று நீ ஆடவில்லை.

அடுத்த வாரத்துக்கும் ஆகட்டும் என்று பாடையைத் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் சாத்தினோம். ஸ்டாண்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

"கட்டுன பாடைய அவுக்காம வைக்கக் கூடாதுப்பா. அது ஆளத் தேடும்."

"அதுக்கு அம்புட்டு அவசரமாண்ணே? நாந்தான் வாராவாரம் வாரேன்ல" என்றாய். அவர் உன் முகத்தையே பார்த்தார்.

அந்த வாரத்திலேயே ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன், நீ எழவே இல்லை. விளாங்குடியில் உன் வீட்டுக்குப் போனபோது உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் போன வருசமே சொல்லிட்டாருப்பா. உன்கிட்ட சொல்லலையா அவன்?" படுத்துப் பழகணும் என்று நீ சொல்லித்தான் இருந்தாய். எனக்குத்தான் அது வேடிக்கையாகக் கேட்டிருந்தது.

வாசலில் உனக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் சைக்கிளை மிதித்துத் தியேட்டருக்குப் போனேன். அந்தப் பாடைதான் உன்னைக் கொண்டுபோனது, அதை உடைத்து நொறுக்காமல் திரும்புவதில்லை என்ற வெறி. ஸ்டாண்டுச் சுவரோரம் ஒன்றுமே இல்லை.

"அத அன்னைக்கே அவுத்துட்டேன்ப்பா," என்றார் ஸ்டாண்டுக்காரர். "அந்தத் தம்பி மூஞ்சியப் பாத்து மனசு கேக்கல. நீங்க தெருவத் தாண்டுறதுக்குள்ள அவுத்து, ஆத்து மணல்ல போட்டுக் கொளுத்திட்டேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பாடையில் தூக்கிவிட்டேன். ஒவ்வொரு சாவிலும் கெட்ட நேரம், கண்ணேறு, செய்வினை என்று எதையாவது காட்டி ஆறிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வாய்க்கவில்லை மாப்ள. உன் சாவுக்குப் பழிபோட எனக்கு ஒரு துண்டு மூங்கில்கூட மிச்சமில்லை.